மஞ்சள் நோட்டீஸ்: ஓடி ஒளியவா, நிமிர்ந்து வெளியே வரவா?



நம் பஜாரில் ஒரு கடை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் திறக்கவில்லை என்றால், மூன்றாம் நாள் டீக்கடையில் கேட்கும் முதல் கேள்வி "ஐ.பி. கொடுத்துட்டாரா?" என்பதுதான். உடம்புக்கு முடியவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. அவ்வளவு தூரம் அந்த இரண்டு எழுத்து நம் காதில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஐ.பி. என்றால் என்ன, அது எதைத் தரும், எதைத் தராது என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பருப்பு மொத்த வியாபாரம் செய்தவன் நான். மஞ்சள் நோட்டீஸ் வாங்கியும் இருக்கிறேன், கொடுக்க இருந்தவருடன் உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எனக்கு வந்த முதல் நோட்டீஸ்

1993-ல் ஒரு நாள் ரிஜிஸ்டர் தபால் வந்தது. பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் சப் கோர்ட்டில் நொடிப்பு மனு கொடுத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் பதினேழாவது ஆளாக என் பெயர். என் பேரேட்டில் அவர் பாக்கி 38,000 ரூபாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை.

அன்று மாலையே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்ப் பேரேட்டை எடுத்து வந்து திண்ணையில் விரித்தார். "அண்ணாச்சி, உங்க கணக்கு சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றார். நான் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு கோர்ட்டில் அந்தப் பேரேட்டை என் வக்கீல் பார்த்தார். ஒளித்தது, மறைத்தது எதுவும் இல்லை. அந்த ஊர் மில் மூடிவிட்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் கொடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கடைசியில் எங்களுக்கு ரூபாய்க்கு முப்பது பைசா வந்தது. அவருக்கு விடுவிப்பு உத்தரவு கிடைத்தது. வேறொரு ஊரில் சிறிய கடை போட்டுப் பிழைத்துக்கொண்டார்.

அதே வருடம் எங்களிடம் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த இன்னொரு கடைக்காரர் உயிரை விட்டார். அவருடைய மொத்தக் கடன் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ஐ.பி. என்பது அவமானம் என்று நினைத்து, யாரிடமும் வாய் திறக்காமலே போய்விட்டார். கடைக்காரர் வீட்டு வாசலில் நின்று கத்தியவர்களைப் பார்த்துத்தானே அவருக்கு அந்தப் பயம் வந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளியூர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை நகருக்கு அதற்கும் முந்திய 1909-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடக்கும், சொத்தை ஏற்பவர் அபிஷியல் அசைனி. இனி நான் சொல்வது வெளியூர்ச் சட்டத்தைப் பற்றியது.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைத் தீர்க்க வழியில்லை என்றால் கடன் வாங்கியவரே மனு கொடுக்கலாம். கடன் கொடுத்தவரும் கொடுக்கலாம். ஆனால் கடனாளி சொத்தைக் கைமாற்றியது, வீட்டை விட்டு ஓடியது, இனிப் பணம் கொடுக்க முடியாது என்று அறிவித்தது போன்ற ஒரு செயலைக் காட்ட வேண்டும். அது நடந்த மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

கோர்ட் அவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து முழுவதும் கோர்ட்டுக்கோ ரிசீவருக்கோ போய்விடும். விடுவிப்பு உத்தரவு வரும்வரை அவருக்குப் புதிதாக வரும் சொத்தும் அப்படியே. அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது மூச்சு விட நேரம். அதன் பிறகு கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் தனித்தனியே வழக்குப் போட முடியாது. கைது செய்யாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் கேட்டுப் பெறலாம். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி போன்றவற்றில் யாரும் கை வைக்க முடியாது.

ஜெயில் பயம் பலரை ஆட்டிவைக்கிறது. பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது, வசதி இருந்தும் கொடுக்க மறுக்கும் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது.

எதைத் தராது?

ஐ.பி. கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் பஞ்சாய்ப் பறந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாங்கில் வீட்டை அடமானம் வைத்திருந்தால், அடமானத்தின் மீது பாங்குக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரிப் பாக்கி விடுவிப்பு உத்தரவு வந்தாலும் நீங்காது. மோசடி செய்து வாங்கிய கடனும் நீங்காது. உங்களுக்கு ஜாமீன் போட்டவரும், கூட்டு வியாபாரத்தில் உள்ள பங்காளியும் தப்ப முடியாது. நம்பிக் கையெழுத்துப் போட்ட மைத்துனர் தலையில் அந்தப் பாரம் இறங்கும். செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. ஐ.பி. மனு அதற்கு மருந்து ஆகாது.

இன்னொன்று. மனு கொடுத்து உத்தரவு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. கோர்ட் குறிப்பிட்ட காலத்துக்குள் விடுவிப்புக்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் முதல் உத்தரவே ரத்தாகிப் பழைய கடன் மறுபடி கழுத்துக்கு வரும். விடுவிப்புக் கிடைக்கும்வரை, தாம் நொடித்தவர் என்று சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அதுவே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. நூறு ஆண்டுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே நிற்கிறது.

கணக்குப் புத்தகமே காவல்

வியாபாரிகளாகிய நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி இது. நொடித்தவரின் சொத்து ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டால் கோர்ட் முழு விடுவிப்புத் தராது. அது தம் கையை மீறிய காரணத்தால் வந்தது என்று அவர் காட்டினால்தான் தரும். அதோடு, கடைசி மூன்று வருடத்துக்கு அந்த வியாபாரத்துக்கு உரிய கணக்குப் புத்தகங்கள் சரியாக வைக்காமல் இருந்தாலும், மூழ்கிவிட்டோம் என்று தெரிந்த பிறகும் வியாபாரம் செய்துகொண்டே போயிருந்தாலும், சூதாட்டத்திலும் ஊதாரித்தனத்திலும் பணத்தை விட்டிருந்தாலும் முழு விடுவிப்புக் கிடையாது.

நான் சொன்ன மளிகைக் கடைக்காரரிடம் முப்பது பைசாதான் தேறியது. ஆனாலும் அவருக்கு விடுவிப்புக் கிடைத்ததற்குக் காரணம் அந்தப் பேரேடுதான். யார் யாருக்குக் கடன் கொடுத்தார், எந்த மாதம் வசூல் நின்றது என்று அதில் வரிக்கு வரி இருந்தது. நான் அன்று திண்ணையில் குனிந்து பார்க்க மறுத்த அதே பேரேடு.

"வீட்டை மச்சான் பேருக்கு மாத்திடு"

நெருக்கடியில் இருப்பவருக்கு இந்த யோசனை சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். இனாமாகவோ பெயரளவுக்குக் கிரயமாகவோ மாற்றிய சொத்தை, மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் மனு வந்து நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், ரிசீவர் கேட்டு ரத்துச் செய்ய முடியும். வேண்டிய ஒருவருக்கு மட்டும் முந்திக்கொண்டு பாக்கியைத் தீர்த்திருந்தால், மூன்று மாதத்துக்குள் மனு வந்தால் அதுவும் நிற்காது. கணக்கையோ சொத்தையோ மோசடியாக மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று செய்கிற காரியம்தான் நேர்மையானவரையும் மோசடிக்காரராக ஆக்கிவிடுகிறது.

புதுச் சட்டம் வந்துவிட்டதே?

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கும் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 1.12.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்ற தனிக்கடைக்காரருக்கும் சாதாரணக் கூட்டு வியாபாரத்துக்கும் இன்னும் பழைய சட்டங்கள்தான். பிரைவேட் லிமிடெட் தொடங்கிப் பாங்கில் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் புதுச் சட்டத்தைத் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு படி

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த வேகத்தில் விலை இன்னும் ஏறும் என்று நம்பிச் சரக்குக் கட்டிய நண்பர் ஒருவரை 2017-ன் விலை வீழ்ச்சி படுக்கப் போட்டுவிட்டது. ஒரு நாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் வந்தார். மச்சான் பேருக்கு எழுதிய கிரயப் பத்திர நகல் கையில் இருந்தது. "நாளைக்கு ரிஜிஸ்டர் பண்றேன், அடுத்த வாரம் ஐ.பி." என்றார்.

அந்தப் பத்திரத்தை வாங்கி என் கல்லாவில் வைத்துப் பூட்டினேன். "முதல்ல ஐந்தொகை போடுங்க தம்பி" என்றேன். விடியும்வரை உட்கார்ந்து போட்டோம். பாங்குக் கடன் 8 லட்சம், வியாபாரக் கடனும் கைமாற்றும் சேர்த்து 33 லட்சம். வீடு விற்றால் 20 லட்சம் வரும். பாங்குக்குக் கொடுத்தது போக மீதி 12. சரக்கு 5, வசூலாகக்கூடிய பாக்கி 4. ஆக 21 லட்சம்.

அடுத்த வாரம் கடன் கொடுத்தவர்கள் அனைவரையும் கூட்டி அந்த ஐந்தொகையை நடுவில் வைத்தார். ரூபாய்க்கு அறுபது பைசா, ஆறு மாதத்தில், எல்லாருக்கும் ஒரே விகிதம். கடுமையான பேச்சும் வந்தது. வட்டிக்குக் கொடுத்த இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோர்ட்டுக்குப் போனா ரிசீவர் செலவு, வருஷக்கணக்கு எல்லாம் போக இது கூட வராது. கோர்ட்டிலயும் எண்ணிக்கையில பாதிக்கு மேல, தொகையில முக்கால் பங்கு பேர் சரின்னா, கோர்ட் ஏத்துக்கிட்டா உங்களையும் சேர்த்துத்தான் கட்டும்" என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட் என்ற கதவு பின்னால் திறந்திருந்ததால்தான் இந்தப் பேச்சு நடந்தது. கையில் மிஞ்சிய சுமார் ஒரு லட்சத்தில் வாடகைக்கு ஒரு கடை பிடித்தார். இன்று ரொக்கத்துக்குச் சரக்கு எடுக்கிறார்.

மீட்டர் வட்டி, நாள் வட்டிக்காரரின் மிரட்டலுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்கலாம்.

கொடுத்தவர்களுக்கு

நோட்டீஸ் வந்தால் கோபம் வரத்தான் செய்யும். நம் பணமும் வியர்வைதான். ஆனால் வீட்டு வாசலுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதால் ஒரு பைசாவும் கூடுதலாக வராது. வக்கீலிடம் போங்கள், உங்கள் கடனைப் பில், சிட்டையோடு நிரூபித்துப் பட்டியலில் சேருங்கள், சொத்து மறைத்திருந்தால் கோர்ட்டில் கிளப்புங்கள். மறைக்கவில்லை என்றால் விடுங்கள்.

கடன் பட்டவர்களுக்கும் சொல்கிறேன். தவணைக்கு வட்டி கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்கும் நிலை வந்த அன்றே ஐந்தொகை போடுங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். சங்கத்துக்கு வந்து பேசுங்கள். கடை நொடிப்பது வியாபாரத்தில் உள்ளதுதான். நாணயம் நொடிக்காமல் பார்த்துக்கொண்டால் கடையை மறுபடி திறக்கலாம். உயிர் போனால் திறக்க ஆள் இல்லை.