இசை வீடியோவும் கடந்தகால ஏக்கமும்: சிகிரியாவிற் படமாக்கப்பட்ட ஒரு பாடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த நூற்றாண்டின் எண்பதுகளிலே வெளிவந்த பொப், றொக் இசை வீடியோக்கள் இன்று போற்றிப் பேணப்படும் பழம்பொருள்களாகிவிட்டன. எது எங்கே படமாக்கப்பட்டது, எப்பாடல் விற்பனைப் பட்டியலில் எத்தனையாம் இடத்தை எட்டியது, பாடகரின் உடையைத் தைத்தவர் யார் என்பன போன்ற துணுக்குகள் பேரார்வத்துடன் திரட்டப்படுகின்றன. இவ்வார்வத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. துணுக்கும் ஓர் உண்மையே. ஆயினும், பண்டமானது தன்னை ஆக்கிய சமூக உறவுகளை மறைத்துக்கொண்டு சந்தையிலே தோன்றுவதுபோல, துணுக்கும் தான் பிறந்த சூழலை உதறிவிட்டே எம்மிடம் வந்து சேருகிறது. எமது நாட்டுடன் நேரடித் தொடர்புடைய ஓர் உதாரணத்தைக்கொண்டு இதனை நோக்கலாம்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்திலே தோன்றிய டுரான் டுரான் குழுவினர், 1982ஆம் ஆண்டில் ‘ரியோ’ என்ற இசைத்தட்டிலுள்ள சில பாடல்களுக்கான வீடியோக்களை இலங்கையிற் படமாக்கினர். இயக்கியவர் அவுஸ்திரேலியரான றசல் மல்காஹி. ‘ஹங்ரி லைக் த வூல்வ்’ என்ற பாடலிலே நெரிசல்மிக்க சந்தையும் காடும் வருகின்றன. 1981இல் வெளியான ‘றெய்டர்ஸ் ஒவ் த லொஸ்ட் ஆர்க்’ திரைப்படத்தின் சாகச வாடை அதிலே தூக்கலாக வீசுகிறது. ‘சேவ் எ பிரேயர்’ பாடலிலோ சிகிரியாக் குன்றின் உச்சியும் பொலநறுவையின் புத்தர் சிலைகளும் கடற்கரையும் இடம்பெறுகின்றன. முதலாவது பாடல் வேட்கையைப் பற்றியது. இரண்டாவது ஓரிரவு உறவைப் பற்றியது. இரண்டுக்கும் இலங்கையோடு எவ்வித சம்பந்தமுமில்லை. தென்னமெரிக்க நகரொன்றின் பெயரைத் தாங்கிய ‘ரியோ’ பாடலின் வீடியோ கரிபியன் தீவாகிய அன்ரிகுவாவிலே எடுக்கப்பட்டது என்பதையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். வெப்பவலய நாடுகள் யாவும் ஒன்றுக்கொன்று பதிலியாகக்கூடிய திரைச்சீலைகள் என்ற கருத்தே இங்கு தொழிற்படுகிறது.

1977இன் பின் எமது பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, உல்லாசப் பிரயாணத்துறை வேகமாக வளர்ந்த காலகட்டம் அது. ரூபவாஹினி தனது ஒளிபரப்பை ஆரம்பித்ததும் அதே 1982இலேயே. அடுத்த ஆண்டு யூலையிலே தீவு எரிந்தது. அமெரிக்க இல்லங்களிலே சிகிரியா காலங்கடந்த அமைதியின் சின்னமாகச் சுழன்றுகொண்டிருந்த அதே 1983ஆம் ஆண்டிலேதான் கொழும்பிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. வீடியோவை எடுத்தவர்கள் இதனை முன்னறிந்திருக்க வேண்டுமென்று எவரும் வாதிடப்போவதில்லை. ஆனால், வரலாற்றை அகற்றிவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துச் செல்லும் ஒரு கலைவடிவம், அவ்வரலாறு நிகழ்ந்து முடிந்த பின்னரும் அதனை ஏற்காது என்பது கவனத்திற்குரியது. இன்று அப்பாடலைக் கண்டு தமது இளமையை எண்ணி ஏங்குவோருக்கு 1983 என்பது அப்பாடல் வெற்றிபெற்ற ஆண்டு. எம்மவர் பலருக்கோ அது வேறோர் ஆண்டு.

அவ்வெற்றியின் பொறிமுறையும் ஆராயத்தக்கது. எம்.ரி.வி. 1981 ஓகஸ்ற் 1ஆம் திகதி நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் ஆரம்பமாயிற்று. உரிமையாளர்கள் வோர்னர் கொமியூனிகேஷன்ஸும், கடனட்டை வணிகத்திற் பெயர்பெற்ற அமெரிக்கன் எக்ஸ்பிரஸும். முதலில் ஒளிபரப்பானது பகிள்ஸ் குழுவினரின் பாடல்; வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றதாகக் கூறும் அதனை இயக்கியவரும் மல்காஹியே. (துணுக்குப் பிரியர்கள் இதனைத் தவறவிடுவதில்லை.) ஒளிபரப்பாளர் வீடியோக்களை ஏறத்தாழ இலவசமாகவே பெற்றனர், இசைத்தட்டுக் கம்பனிகள் அவற்றை விளம்பரமெனக் கருதி வழங்கின, தயாரிப்புச் செலவின் கணிசமான பகுதியோ கலைஞரின் உரிமத்தொகையிலிருந்து கழிக்கப்படுவது வழமையாயிற்று. வேறு சொற்களிற் கூறின், தன்னை விற்பதற்கான விளம்பரத்துக்கும் உழைப்பாளியே கட்டணம் செலுத்தினான். 1982இல் அமெரிக்காவிலே எடுபடாத ‘ஹங்ரி லைக் த வூல்வ்’, எம்.ரி.வி.யின் இடைவிடாத ஒளிபரப்பினால் மறுவெளியீடு பெற்று 1983இல் மூன்றாமிடத்தை எட்டிற்று. 1984இற் குறு வீடியோவுக்கான முதலாவது கிராமி விருதும் இக்குழுவினரையே சேர்ந்தது.

இலங்கைக் காடு இவ்வாறு இடம்பெற்ற திரையிலே, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞருக்கு இடம் மிக அரிதாகவே கிடைத்தது. ‘றொக் இசைக்கான அலைவரிசை’ என்பதே கூறப்பட்ட நியாயம். றிக் ஜேம்ஸ் இதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1983இல் டேவிட் பௌவி, தம்மைப் பேட்டிகண்ட எம்.ரி.வி. அறிவிப்பாளரிடமே இதுபற்றி வினவினார். சிற்றூர்ப் பார்வையாளரின் விருப்பையும் கருத்திற் கொள்ளவேண்டுமென்ற தோரணையிலே விடை வந்தது. விளம்பரதாரர் நாடிய நுகர்வோர் யார் என்பதை அவ்விடை தெளிவாகவே காட்டிற்று. அதே ஆண்டிலே மைக்கல் ஜக்சனின் ‘பில்லி ஜீன்’ ஒளிபரப்பான பின்னரே கதவு ஓரளவு திறந்தது. ஆண்டின் இறுதியில் வந்த, ஏறத்தாழ 14 நிமிட நீளமான ‘திரில்லர்’ 2009இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே சேர்க்கப்பட்டது. அவ்வாறு சேர்க்கப்பட்ட முதல் இசை வீடியோ அதுவே. பதிவேடு நினைவுகூருவது ஜக்சனை. வாசலில் நிறுத்தப்பட்ட ஏனையோரை நினைவுகூருவோர் சிலரே.

எம்.ரி.வி. ஒளிபரப்பும்போது பாடகர், பாடல், இசைத்தட்டு, கம்பனி ஆகியவற்றின் பெயர்களைத் திரையின் ஓரத்திலே காட்டிற்று. இயக்குநரின் பெயர் அவற்றோடு சேர்ந்தது 1992இலேதான். சந்தைக் காட்சியிலே பாடகருக்கு வழிவிட்டு ஒதுங்கும் எமது நாட்டு மனிதரின் பெயர்கள் எந்தத் துணுக்குத் தொகுப்பிலும் இல்லை.