குவார்ட்ஸ் சாம்பலாகும்வரை

நிலவியல் பேராசிரியர் என்றாலே சுத்தியலோடு மலையேறுகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மலையில் இருப்பது ஆண்டுக்குச் சில வாரங்கள். மற்ற நாள்களில் வகுப்பு, விடைத்தாள், ஆய்வுக் கட்டுரை. நடுவே தின் செக்‌ஷன். ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தெடுத்த பாறைச் சீவல் அது. அதைச் செய்யும் விதத்தைப் பல்லாவரத்துச் சார்னோகைட் பாறையை வைத்தே சொல்கிறேன்.

மழையிலும் வெயிலிலும் நிறம் மாறிய மேல்தோலை உடைத்துத் தள்ளிவிட்டு, உள்ளே எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கருங்கல்லைக் கைப்பிடி அளவு எடுக்க வேண்டும். மாதிரியின் எண்ணை அங்கேயே கல்லில் எழுதிவிட வேண்டும், இடத்தைக் குறிப்பேட்டிலும். பிறகு எழுதலாம் என்று விட்ட கல் எந்தக் குன்றுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் வைர ரம்பத்தால் தபால்தலை அளவு வில்லையாக அறுப்போம். அதன் ஒரு முகத்தைக் கண்ணாடிப் பலகையில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். 220, 400, 600, 1000 என்று பொடி நைசாகிக்கொண்டே போகும். பொடி மாற்றும்போதெல்லாம் வில்லை, பலகை, கை மூன்றையும் கழுவுங்கள். முரட்டுத் துகள் ஒன்று தங்கினாலும் முகம் முழுக்கக் கீறல்தான். பிறகு உலர்த்தி, எபாக்சி பசையால் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, குமிழ்களை அழுத்தி வெளியேற்ற வேண்டும்.

பசை இறுகியதும் மீதிக் கல்லை அறுத்தெடுத்துவிட்டு மறுமுகத்தைத் தேய்ப்போம். சேர வேண்டிய தடிமன் 0.03 மில்லிமீட்டர். குவார்ட்ஸ்தான் எங்கள் அளவுகோல். நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்துப் பார்த்தால், சீவல் தடிமனாக இருக்கையில் குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரியும். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வெளுத்துச் சாம்பலாகும். சாம்பல் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நாலு சுற்று என்று ஆசைப்பட்டால் ஓரம் கரைந்து, அன்றைய உழைப்பு முழுவதும் வீண். நல்ல மாணவர்களும் முதல் சில வில்லைகளை இங்கேதான் இழக்கிறார்கள். இயந்திரம் இருந்தாலும் கடைசித் தேய்ப்பைக் கையால்தான் செய்யச் சொல்வேன். கல்லின் கடினம் விரலுக்குத் தெரிய வேண்டும்.

இனி ஒரு போலராய்டை விலக்கிவிட்டு நுண்ணோக்கியின் மேடையை மெல்லச் சுழற்றுங்கள். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இந்தப் பாறையே என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் சார்னோக்கின் பெயரையே இதற்குச் சூட்டினார். கிரானைட்டை ஒத்த இந்தப் பாறையைச் சார்னோகைட் என்று பிரித்துச் சொல்ல வைப்பது அந்த ஹைப்பர்ஸ்தீன்தான்.