காபித்தூள் சக்கையை அப்படியே போடாதீங்க!

"டிக்காஷன் இறக்கின சக்கையைக் கறிவேப்பிலைக்குப் போடுங்க, தளதளன்னு வரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். இது பாதிதான் நிஜம்.

தர்மபுரிக்காரர்களுக்குக் காபி அந்நியமல்ல, வத்தல்மலையிலேயே விளைகிறது. டிக்காஷன் இறக்கிய பிறகும் சக்கையில் சுமார் 2 சதவீதம் தழைச்சத்து தங்கியிருக்கும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மக்க வைத்த பிறகுதான் செடிக்குக் கிடைக்கும். மக்கும்வரை அந்த நுண்ணுயிர்களே மண்ணில் இருக்கிற சத்தையும் இழுத்துக்கொள்ளலாம். உரம் போட்டும் செடி வெளிறிப் போகிறதே என்றால், இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வில்லன் காஃபீன். காபிச்செடி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் வஸ்து அது. சக்கையிலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். பிள்ளைகளுக்கென்று ஆசையாகக் கீரை விதைத்த தொட்டியில் போட்டால் முளைப்பே தடைப்படலாம். கனமாகப் பரப்பினாலோ, காய்ந்து அடைதட்டி, ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காது. நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்!

அப்ப என்னதான் செய்வது? மக்க வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் காய்கறித்தோல், காய்ந்த சருகு, ஒரு பிடி மண்ணோடு கலந்து போடுங்கள். மொத்தத்தில் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். லேசான ஈரம் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். பிறகு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போடலாம்.

சிக்கரி கலந்த தூளானாலும் பரவாயில்லை. பால், சர்க்கரை பட்ட சக்கை மட்டும் வேண்டாம். எறும்பும் ஈயும் மொய்க்கும். வீட்டில் நாய் இருந்தால் பக்கெட்டை அவசியம் மூடி வையுங்கள். காஃபீன் அதற்கு விஷம்.