குதித்தால் ஒரு புது ஊர்!

"எங்கே இறங்கலாம்? பொச்சிங்கியா, ஸ்கூலா?"

பெங்களூர் சிவாஜி நகரிலோ, மும்பை தாராவியிலோ நான்கு வாலிபர்கள் கையில் செல்போனை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால், பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பொச்சிங்கி என்பது எராங்கல் தீவின் நடுவே உள்ள ஊர். எராங்கலோ எந்த தேசப் படத்திலும் இல்லாதது. கருங்கடலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட அத்தீவு, பப்ஜி என்னும் வீடியோ ஆட்டத்தின் முதல் களம்.

இத்தகைய களத்தை ஆடுகிறவர்கள் 'மேப்' என்று அழைக்கிறார்கள். புது மேப் வருகிறது என்று செய்தி வந்தால் போதும், அபிமான நடிகரின் படம் வெளியாகும் நாளைப் போல அவர்களிடையே பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. வெறும் படத்துக்கு ஏன் இத்தனை ஆர்வம்?

மகள் பெயரில் ஒரு தீவு

ஆட்டத்தின் விதி எளியது. விமானம் ஒன்று தீவின் மேலே பறக்கும். நூறு பேர் வரை பாராசூட்டில் குதிப்பார்கள். கீழே உள்ள வீடுகளில் ஆயுதமும் மருந்தும் தேடி எடுக்க வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை பிழைத்திருப்பவருக்கோ குழுவுக்கோ வெற்றி.

இதை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன். 2000-ம் ஆண்டில் வெளிவந்த 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியத் திரைப்படம்தான் இவருக்குத் தூண்டுதல். பிறர் செய்த ஆட்டங்களில் மாறுதல் செய்து பழகிய இவர், பின்னர் தென்கொரிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 2017-ல் பப்ஜியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். தம் மகளின் பெயரோடு 'ஏஞ்சல்' என்ற சொல்லைச் சேர்த்து, தீவுக்கு எராங்கல் என்று பெயரிட்டார். 2018 மார்ச்சில் ஆட்டம் செல்போனுக்கு வந்தது. மலிவு விலையில் இன்டர்நெட் கிடைத்துவந்த இந்தியாவில் அது காட்டுத்தீயாகப் பரவியது.

எல்லோரும் புதியவர்களே

பல மாதம் ஒரே மேப்பில் ஆடியவனுக்கு அதன் சந்து பொந்தெல்லாம் மனப்பாடம். எந்த வீட்டில் துப்பாக்கி கிடைக்கும், எந்தப் பாலத்தில் ஆள் பதுங்கியிருப்பான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். நேற்றுச் சேர்ந்தவன் அவனிடம் தோற்றே ஆக வேண்டும். ஆனால் புது மேப் திறக்கும் நாளில் கைதேர்ந்தவனுக்கும் வழி தெரியாது, கற்றுக்குட்டிக்கும் வழி தெரியாது. வேற்றூரில் ரயிலைவிட்டு இறங்கிய முதல் நாளை அறிந்தவர்களுக்கு இந்தத் திகைப்பும் குதூகலமும் புரியும்.

களம் மாறினால் ஆட்டமும் மாறுகிறது. எராங்கல் எட்டு கிலோமீட்டர் நீளமும் எட்டு கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதே அளவுள்ள மீராமார் வெட்டவெளிப் பாலைவனம். தூரத்திலிருந்து குறி பார்க்கத் தெரிந்தவனுக்கு அங்கே யோகம். சான்ஹாக் பசுங்காடு, பரப்பில் எராங்கலின் கால் பங்குதான். எதிரி பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. விகெண்டியில் பனி, நடந்தால் காலடித் தடம் பதியும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். 2020-ல் வந்த லிவிக் இரண்டு கிலோமீட்டர் சதுரம்தான். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடித்துவிடலாம் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பிடித்துப்போனது.

மேப்போடு சினிமாவும் வந்து கலந்துகொண்டது. 2021-ல் காட்ஜில்லாவும் காங்கும், 2023-ல் 'டிராகன் பால்' நாயகர்களும் இந்த ஆட்டத்துக்குள் வந்தனர்.

ஒரு மாத நோட்டீஸும் இல்லை

2020-ல் ஊரடங்கு வந்தபோது மைதானங்கள் மூடிக் கிடந்தன. பெங்களூரில் ஒருவன், புனேயில் ஒருவன், கோவையில் ஒருவன் என்று பிரிந்திருந்த பள்ளித் தோழர்கள் இரவுதோறும் எராங்கலில் சந்தித்தார்கள். பாதி நேரம் சண்டைக்கு. மீதி நேரம் ஊர்க்கதைக்கு.

அவ்வாண்டு செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியர்களுக்கு அதன் சேவை நின்றுபோனது. ஆடினவர்களுக்கு ஒரு ஆட்டம் போனதாகத் தோன்றவில்லை; கூடிப் பேசிய திண்ணையே இடிந்ததுபோல் இருந்தது.

2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அது திரும்பி வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. எராங்கல் இருந்தது, பொச்சிங்கியும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் 2022 ஜூலையில் அதுவும் அரசின் உத்தரவுப்படி நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் மீண்டது. மீண்டபோது ஒரு கிலோமீட்டர் சதுரமே உள்ள நூசா என்ற குட்டித் தீவையும் உடன் கொண்டுவந்தது.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதானால்கூட ஒரு மாத நோட்டீஸ் தருவார்கள். செல்போனில் உள்ள ஊருக்கு அந்த உறுதியும் கிடையாது. மேப் நிறுவனத்தின் சொத்து. அதைத் திறந்து வைப்பதும் மூடுவதும் பிறர் கையில். அதில் கிடைத்த சிநேகிதம் மட்டுமே ஆடுகிறவனுக்குச் சொந்தம்.

பெரியவர்களின் கவலை

பெற்றோரின் கவலையையும் தள்ளிவிட முடியாது. படிப்பும் தூக்கமும் கெடுகின்றன என்ற புகார் எங்கும் எழுந்தது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் போலீசார் ஆட்டத்தைத் தடை செய்து, தடையை மீறி ஆடியவர்களைக் கைதுகூடச் செய்தனர். 2023-ல் ஆட்டம் திரும்பியபோது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடுதான் வந்தது.

செல்போனைப் பிடுங்கினால் அன்று இரவு ஆட்டம் நிற்கும். மகன் கதவைச் சாத்திக்கொள்வதும் அன்றிரவே ஆரம்பமாகும். அதைவிட, "உன் பொச்சிங்கி எங்கே இருக்கிறது, காட்டு" என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அவன் அங்கே யாரோடு இறங்குகிறான், யாருக்காகக் காத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று அதற்குப் பிறகு சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பும் இருக்கும்.