உங்களுக்குத் தெரியுமா? நான்கு மணி நேரம், ஒரே கேள்வி!

பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரியாவில் தத்துவம் கட்டாயப் பாடம். அறிவியல் படித்தாலும் தப்ப முடியாது. பொதுப் பிரிவில் வாரத்துக்கு 4 மணி நேரம் வகுப்பு, ஜூனில் 4 மணி நேரத் தேர்வு, 20 மதிப்பெண். வினாத்தாளில் மூன்றே மூன்று இருக்கும்: இரண்டு கேள்விகள், ஒரு தத்துவ நூல் பகுதி. ஏதாவது ஒன்றை எடுத்துப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்.

2024இல் வந்த கேள்விகளைப் பாருங்கள். உண்மையைத் தேடும் நம் தாகத்தை அறிவியல் தணிக்குமா? அரசு நமக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? ‘ஆம்’ என்று எழுதினாலும் ‘இல்லை’ என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு. வாதம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம்மூர் நோட்ஸுக்கு இங்கே வேலையே இல்லை!

சரி, தத்துவத்துக்கு இவ்வளவு இடம் என்றால், பள்ளியில் மதத்துக்கு? 1882ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து மத போதனையை எடுத்துவிட்டு, ஒழுக்கமும் குடிமைப் பயிற்சியும் வைத்தது. கூடவே, விரும்பும் பெற்றோர் வெளியே மதக் கல்வி கொடுக்கட்டும் என்று ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் விடுமுறை தந்தது. கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் ஜெர்மனி எல்லையில் உள்ள அல்சாஸ், மொசெல் பகுதிகளில் மட்டும் அரசுப் பள்ளிகளில் இன்றும் மத வகுப்பு உண்டு. அந்தச் சட்டம் வந்தபோது அவை ஜெர்மனியின் பிடியில் இருந்தன.

இந்தத் தத்துவத் தேர்வை எழுத பாரீஸுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 1826இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு லிசே பள்ளி மாணவர்களும் இதே பாக்கலோரியாவைத்தான் எழுதுகிறார்கள்.