பீப்பாய் தரும் மணம்

பெருங்காயம் தீர்ந்த பின்னும் டப்பாவில் வாசனை தங்கியிருப்பதை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. வெட்டிவேரை எடுத்தெறிந்த பிறகும் பானைத் தண்ணீர் மணக்கும். நாரத்தங்காய் ஊறிய ஜாடியை எத்தனை முறை கழுவினாலும், பின்னர் அதில் ஊற்றிய மோர் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தச் சிறிய உண்மையை ஆதாரமாகக் கொண்டு உலகில் ஒரு பெருந்தொழில் நடைபெறுகிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். விஸ்கி வடிக்கும் தொழிலே அது.

குடும்பத்தினர் அனைவரும் படிக்கும் சங்கப் பத்திரிகையில் மது விஷயமா என்று புருவத்தை நெரிக்கும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. எவரையும் அருந்தச் சொல்ல நாம் வந்தோமில்லை. நமக்கும் அவ்வழக்கம் இல்லை. ஆயினும், பிழைப்பை நாடி நாம் வந்து குடியேறிய இப்பெங்களூர் நகரத்தில் ஆகும் சரக்கொன்று, உலகச் சந்தையில் பெயருக்கும் மதிப்புக்கும் வழக்காடி நின்ற கதை நம்மவர் அறியத் தக்கது.

முளை கட்டிய வாற்கோதுமையை ஊறவைத்துப் புளிக்கச் செய்து வாலையில் வடித்தால் இறங்கும் புதுச் சாராயம், தண்ணீரைப் போல் நிறமற்றது, நாவைச் சுடும். அதனை ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைத்தால்தான் விஸ்கி ஆகிறது. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவர். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் என்னும் பொருள் சிதைந்து வனிலா மணம் பிறக்கிறது. மரத்திலுள்ள சர்க்கரைப் பொருள்கள் கருகிப் பாகு மணம் தருகின்றன. லாக்டோன் என்னும் மற்றொரு பொருள் தேங்காயை நினைவூட்டும் மணத்தைக் கொடுக்கிறது. துவர்ப்பும் பொன்னிறமும் மரத்தினின்றே வருபவை. அமெரிக்க நாட்டார் தம் பூர்பன் விஸ்கிக்குப் புதிதாகக் கரித்த ஓக் பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலால் ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர் கொள்பவை, உலகெங்கும் விலைக்குப் போகின்றன. நமது நகரத்து வாலைக்கும் அவை கப்பலேறி வருகின்றன.

ஒரு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை எடுத்து, திராட்சை மது முதலியவை இருந்த வேறொரு பீப்பாயில் சில காலம் வைத்து முடிப்பது பிற்காலத்து உத்தி. ஸ்காட்லாந்தில் பால்வெனி வாலையைச் சேர்ந்த டேவிட் ஸ்டூவர்ட் என்பவர் 1980களில் இதனைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர். மது இருந்த பீப்பாயைக் கவிழ்த்துக் காலி செய்தாலும், பல லிட்டர் மது மரத்தின் நுண் துளைகளுக்குள்ளே தங்கிவிடுகிறது. பின்னர் வரும் விஸ்கி அதை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும்.

இங்கே நாட்டுச் சரக்கின் கதை தொடங்குகிறது. பெங்களூரில் 1948இல் தோன்றிய அம்ருத் நிறுவனம், பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதிகளில் விளையும் ஆறு வரிசை வாற்கோதுமையைக் கொண்டு தனி மால்ட் விஸ்கி வடித்து, 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே வெளியிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பது இதுதான். ஆறு வரிசைத் தானியம் சிறியது. மாவுச் சத்து குறைவு. அதனால் கிடைக்கும் சாராயமும் குறைவு. எனினும் அதன் சுவை வேறு.

தானியத்தைக் காட்டிலும் பெரிய வேறுபாடு சீதோஷ்ணத்தில் இருக்கிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பகுதியைத் தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்தினர் வேடிக்கையாகக் கூறுவர். அங்கே அஃது ஆண்டுக்கு நூற்றுக்கு 2 அளவே. கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி மேலே இருக்கும் இந்நகரிலோ 10 முதல் 12 வரை! வழியில் ஒரு மூட்டை எடை குறைந்தாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் ரயில்வே அலுவலில் இருக்கும் நமக்கு இக்கணக்கு நெஞ்சைப் பதறச் செய்கிறது. 200 லிட்டர் அடைத்து, ஆண்டுக்கு 10 வீதம் போனால், ஆறு ஆண்டில் எஞ்சுவது 106 லிட்டர்; ஏறக்குறையப் பாதி. ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் 157 லிட்டர் இருக்கும். ஆனால் நஷ்டத்தோடு லாபமும் உண்டு. வெப்பத்தில் சாராயம் விரிந்து மரத்துள் ஆழப் புகுகிறது. குளிர்ந்ததும் மரச்சாரத்துடன் வெளியேறுகிறது. அதனால் நான்கைந்து ஆண்டிலேயே இங்கு முதிர்ச்சி வந்துவிடுகிறது. வயதை எண்ணியே விலை கொடுத்துப் பழகிய வெளிநாட்டாருக்கு இதை விளங்க வைப்பதுதான் கடினமாயிருந்தது. 2010ஆம் ஆண்டுக்குரிய தமது விஸ்கி நூலில் ஜிம் மர்ரே என்னும் ஆங்கில மதிப்பீட்டாளர், இந்நிறுவனத்தின் ஃப்யூஷன் என்பதை உலகின் மூன்றாம் இடத்தில் வைத்த பிறகே பலர் திரும்பிப் பார்த்தனர்.

நம் தலைப்புக்கு நேரே பொருந்துவது அவர்களுடைய நாரங்கி என்னும் விஸ்கி. ஷெர்ரி வகைத் திராட்சை மதுவையும் ஆரஞ்சுத் தோலையும் ஒன்றாகப் பீப்பாயில் இட்டு நெடுங்காலம் ஊற விடுவர். பிறகு மதுவையும் தோலையும் நீக்கிவிட்டு, ஏற்கெனவே முதிர்ந்த விஸ்கியை அதே பீப்பாயில் நிரப்பி ஆண்டுக் கணக்கில் வைப்பர். விஸ்கியில் ஒரு துண்டுத் தோலும் விழுவதில்லை. ஆனாலும் மணம் மரத்தின் வழியே வந்து சேர்கிறது. இதில் ஒரு சொல் வேடிக்கையும் உண்டு. வடமொழியின் நாரங்கம் என்பது திராவிட மொழியினின்று சென்றதாகவே அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் நாரத்தையின் உறவு எனலாம். அச்சொல் பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போய் நரங்ஹா ஆகி, ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆயிற்று. ஷெர்ரியின் தாயகமும் அந்த ஸ்பெயினே அன்றோ!

தோலை நேரே விஸ்கியில் போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டால் ஐரோப்பியச் சட்டப்படி அது விஸ்கி ஆகாது. தானியத்தினின்றே வடிக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் மூன்று ஆண்டாவது இருக்க வேண்டும். நிறத்துக்காகச் சேர்க்கும் கருக்கிய சர்க்கரை தவிர, இனிப்போ வாசனைப் பொருளோ கூடாது. நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகளிற் பல, கரும்பாலைக் கழிவுப் பாகில் வடித்த சாராயம் கலந்தவை. அவற்றுக்கு அங்கே அப்பெயர் கிடையாது. அந்தக் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டுதான் நமது நகரத்து மால்ட் கிளாஸ்கோவில் இறங்கியது.

ஸ்காட்லாந்தினர் இதிலும் கடுமையானவர்கள். காம்பஸ் பாக்ஸ் என்னும் நிறுவனம் 2005இல் பழைய பீப்பாய்க்குள் புதிய ஓக் பலகைகளைச் செருகி ஒரு விஸ்கி செய்தபோது, அந்நாட்டு விஸ்கிச் சங்கம் வழக்குக்கு எழ, தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பலகையைச் செருகாமல், பீப்பாயின் இரு முகப்புகளையே புது ஓக்கால் அமைத்து 2009இல் மீண்டும் கொண்டுவந்தனர். பலகை உள்ளே தொங்கினால் குற்றம், முகப்பாக நின்றால் நியாயம்! நமக்கு இது சற்றே மிகையாகத் தோன்றுகிறது.

ஜப்பானியர்க்கு இந்த அனுபவம் வேறு விதமாக வாய்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பீப்பாய் கிடைக்காமற்போகவே, தம் காட்டு மிசுனாரா ஓக்கை எடுத்தனர். அது ஒழுகும் மரம், கோணலாக வளர்வது, பீப்பாய்க்கு ஆகும் பருமன் அடைய இருநூறு ஆண்டு வேண்டும் என்பர். முதலில் மர வாடை மிகுதி என்று வெறுத்தார்கள். நெடுநாள் வைத்துப் பார்த்தபோதோ சந்தனமும் கோயில் ஊதுவத்தியும் போன்ற மணம் எழுந்தது. இன்று அப்பீப்பாய்க்கு விலை மிக அதிகம்.

2019இல் ஸ்காட்லாந்தினர் தம் விதியைச் சற்றுத் தளர்த்தி, மேலும் பலவகை மதுக்கள் இருந்த பீப்பாய்களுக்கு இடம் கொடுத்தனர். ஆயினும் புளித்த பின் பழமோ வாசனைப் பொருளோ சேர்த்த மது இருந்த பீப்பாய்க்கு அங்கே இன்னும் இடமில்லை. ஆகவே நாரங்கி செய்யும் முறையைக் கைக்கொண்டு எவரேனும் ஸ்காட்லாந்தில் வடித்தால், அதற்கு ஸ்காட்ச் என்று பெயரிட முடியாது. பெங்களூரில் வடிப்பதால் அந்தத் தடை இதற்கு இல்லை.