மாட்டின் குறட்டையும் குளத்து நத்தையும்

நான் ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்து ஓய்வு பெற்றவன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், குமுளிப் பக்கங்களில் மாடு வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பசு ஒன்று மூச்சு விடும்போதெல்லாம் குறட்டை விட்டது. சளி என்று எண்ணி, பிறகு பாதி விலைக்கு விற்றோம். அடுத்து வாங்கிய பசுவும் சில மாதங்களில் குறட்டை விட்டது!

காரணம், மூக்கின் இரத்தக் குழாயில் வாழும் ஒரு தட்டைப்புழு. 1933-இல் இதை விவரித்தவர் சென்னையில் பணியாற்றிய எம்.ஏ.என். ராவ். புழுவின் முட்டைகள் மூக்குச்சளியோடு குளத்தில் விழுகின்றன. பொரிந்த குஞ்சுகள் ஒருவகை நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகி வெளியேறி, நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கின்றன. அந்நீரில் இறங்கும் நமக்கும் காலில் அரிப்பு வரலாம். ஆனால் நம் உடலில் அவை வளர்வதில்லை.

மாடு குறட்டை விட்டால் விற்றுவிடாதீர்கள். கால்நடை மருத்துவமனையில் சளியைச் சோதித்தால் முட்டை தெரியும், மருந்தும் உண்டு. மாட்டைக் குளத்தில் இறக்காமல், கிணற்று நீரைத் தொட்டியில் காட்டுங்கள். வாத்துகள் நத்தையைத் தின்னும்.

நாங்கள் பசுவை மாற்றினோம், குளத்தை மறந்தோம். தண்டவாளம் பழுதாயிருக்க, எஞ்சினை மாற்றி என்ன பயன்?